முன்சக்கரங்களைப் பற்றி நீ எழுதவில்லை

ஹாப்பவாரா,
5 அக்டோபர் 1986

அன்புள்ள தூரே அண்ணா,

இந்தக் குளிர்காலம் முழுவதும் நடப்பதை நடந்தபடியே உனக்கு எழுதுவது என்று தீர்மானித்திருக்கிறேன். எதையும் கூட்ட மாட்டேன், எதையும் விழுங்கவும் மாட்டேன். நீயும் அப்படியே எழுத வேண்டும். தொலைபேசியில் அம்மா பக்கத்திலேயே நின்று என் முகத்தைப் படிப்பதால் அங்கே உண்மை பேச முடிவதில்லை.

அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம். பள்ளிச் சமையலறைக்குப் பெரிய பானை ஒன்று வந்ததிலிருந்து அம்மாவுக்குத் தோள்வலி அதிகம். உன் இருமல் விட்டதா?

உன் காரின் படம் வந்தது. அம்மா அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது காரா, செருப்பா? இதுக்குள்ள படுத்துக்கிட்டா ஓட்டுவான்?" என்றாள். அஞ்சல் பேருந்து ஓட்டும் ரோப்போனன் அப்போது காப்பி குடிக்க உட்கார்ந்திருந்தார். "பனி விழட்டும் கெர்த்து. இது கார் இல்ல, பனி அள்ளுற கரண்டி" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சிரித்தாள். பிறகு பாதியில் நிறுத்திவிட்டு, "கிறிஸ்துமஸுக்கு இதுலயா வரப்போறான்?" என்று கேட்டாள்.

கரடி வளைவை நினைத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் மரலாரி அங்கே ஏரிக்குள் போய் மூன்று குளிர்காலம் ஆகிறது. ஓட்டும்போதே அவர் தூங்கிவிட்டார் என்று ஊர் சொன்னதை அம்மா மறுத்ததும் இல்லை, ஏற்றதும் இல்லை. அன்று போலீஸ்காரர் நம் முற்றத்தில் வண்டியை நிறுத்தி, விளக்கை அணைக்காமலே இறங்கி வந்தார். அவர் பேசி முடிக்கும்வரை அந்த வெளிச்சம் சமையலறைச் சுவரில் இருந்தது. இப்போதும் முற்றத்தில் ஏதாவது வண்டி வெளிச்சம் விழுந்தால், அம்மா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறாள்.

அதனால் உன் காருக்குக் குளிர்கால டயரை நான் தேர்ந்தெடுக்கப் போகிறேன். சிரிக்காதே. நூலகத்துக்குக் கார்ப் பத்திரிகை வருகிறது. டயர் அளவு எழுதி அனுப்பு.

உன் பதிலுக்காகத் தபால்பெட்டி பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும்
ஹில்ப்பா


ஔலு,
14 அக்டோபர்

அன்புள்ள ஹில்ப்பா குட்டி,

இருமல் போய்விட்டது, பசி மட்டும் இருக்கிறது. அம்மாவைப் பானை தூக்கவிடாதே.

உன் கடிதத்தைப் பட்டறையில் படித்துக் காட்டினேன். முதலாளி கலெர்வோ, "ஏய், உன் தங்கச்சிய இங்க அனுப்பு, உன்ன அங்க அனுப்பிடலாம். எனக்கு லாபம்" என்கிறார். இந்தக் காரை ஏன் வாங்கினேன் என்று அவரும் தினமும் கேட்கிறார். விற்ற பல்மருத்துவருக்கு இதைக் கண்டாலே பயமாம். எனக்கு அது புரியவில்லை. எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, முன்விளக்குகள் தவளைக் கண்போல் மேலே எழும்புகின்றன. இப்படி ஒன்றை யாராவது வேண்டாம் என்பார்களா?

இப்போது இருப்பது கோடை டயர். நேற்றுக் காலை உறைபனியில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. அளவுகளைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட அகலம், கவனி. பனியில் லாரிச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டும்போது அப்பா சொல்வார், நினைவிருக்கிறதா? "இழுக்குற சக்கரத்துக்குப் போடு, மத்தது தானா வரும்." இந்தக் காரில் இழுப்பது பின்சக்கரம்.

அம்மாவிடம் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று மட்டும் சொல். எதில் என்று சொல்லாதே.

பசியுடன்,
தூரே


ஹாப்பவாரா,
20 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

நாங்கள் இருவரும் நலம். அம்மா பானையை இப்போது இரண்டு பேராகத் தூக்குகிறாள். நீ சாப்பிடுவது வெறும் தொத்திறைச்சிதானா என்று கேட்கச் சொன்னாள்.

பத்திரிகைக்காரர்கள் உறைந்த ஏரியில் பதினோரு வகை டயர்களை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எல்லாமே குடும்பக் கார்களில்தான். உன் கார் போன்றவற்றுக்கு ஒரே வரி: "ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் ஏப்ரல் வரை நடந்து போவது நல்லது." இது தேர்வு இல்லை, கிண்டல். அதனால் நானே மதிப்பிட்டேன்.

முதலாவது, அகலமான டயர் பனியின்மேல் மிதக்கும். ஒடுங்கியது பனியை வெட்டித் தரையைத் தேடும். ஆகவே சிறிய சக்கர விளிம்பும் ஒடுங்கிய டயரும் வாங்கு. அழகு போய்விடும், நடனக்காரிக்குக் கம்பளிப் பூட்ஸ் மாட்டியதுபோல் இருக்கும், பரவாயில்லை. இரண்டாவது, பனிக்கட்டியைக் கடிக்கும் இரும்பு ஆணிகள் பதித்த ஆணி டயர்தான் வேண்டும். ஆணியில்லாத ஜெர்மன் டயர் ஈரச் சாலையில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறது, ஆனால் கரடி வளைவில் ஈரம் இருக்காது, பனிக்கட்டிதான் இருக்கும். மூன்றாவது, ரப்பரை நகத்தால் கிள்ளிப் பார். நம் கொட்டகையில் குளிரில் கிடந்த டயர்களில் சோதித்தேன். நல்ல ரப்பரில் நகம் பதிகிறது. பழையதில் நகம்தான் உடைகிறது. என் கட்டைவிரல் நகம் இதற்குச் சாட்சி.

கடைசியாக ஒன்று. புது ஆணி டயரை முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்ட வேண்டும். அப்போதுதான் ஆணிகள் ரப்பரில் வேர் பிடிக்குமாம். இதை அடிக்கோடு போட்டுப் படி.

நகமில்லாத கையால் எழுதிய
ஹில்ப்பா


ஔலு,
2 நவம்பர்

அன்புள்ள மதிப்பீட்டாளர் அவர்களே,

சுகம்தான். தொத்திறைச்சியோடு உருளைக்கிழங்கும் தின்கிறேன் என்று அம்மாவிடம் சொல்.

தங்கள் உத்தரவுப்படி டயர் கடைக்குப் போய், ஒடுங்கிய அளவு கேட்டு, நகத்தால் கிள்ளினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, அது என்ன ரொட்டியா? வெந்துதான் இருக்கு, எடுத்துட்டுப் போ." "என் தங்கச்சி சொன்னா" என்றேன். "அப்ப அவளயே கூட்டிட்டு வா, உன்னோட பேசி என்ன பிரயோஜனம்?" என்றார்.

ஆணி டயர் போட்டாயிற்று. பின்னால் பூனை நகம் ஊன்றுவதுபோல் பிடிக்கிறது. கலெர்வோவின் வண்டி ஏறத் திணறிய மேட்டில் நான் பாடிக்கொண்டே ஏறினேன். அப்பா பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

இனி நீ நிம்மதியாகத் தூங்கலாம்.

பாடகன்,
தூரே


ஹாப்பவாரா,
8 நவம்பர்

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லாரும் சுகம், அம்மாவின் தோள் உட்பட. ஏரி ஓரங்களில் உறைந்துவிட்டது.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பின்னால் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மேட்டில் ஏறினேன் என்று எழுதியிருக்கிறாய். முன்சக்கரங்களைப் பற்றி நீ எழுதவில்லை. வளைவில் எப்படித் திரும்பியது, எப்படி நின்றது என்றும் எழுதவில்லை.

மறந்திருப்பாய். மறந்துதான் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒரு வரி போதும்: நான்கிலும் ஆணி இருக்கிறது என்று.

காத்திருக்கும்
ஹில்ப்பா


ஹாப்பவாரா,
22 நவம்பர்

அன்புள்ள அண்ணா,

நீ நலம்தானே? கேட்பதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. போன ஞாயிறு நீ தொலைபேசியில் பேசினாய். அம்மா, "என்னடா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். நீ, "தூங்கி எழுந்தேன்" என்றாயாம். அப்போது மாலை ஐந்து மணி. தொலைபேசியை என்னிடம் கொடுக்கச் சொல்லாமலே வைத்துவிட்டாய். நீ அப்படிச் செய்ததே இல்லை.

நேற்று ஒரு வண்டி நம் முற்றத்துக்குள் வெளிச்சம் அடித்தது. அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். நான் எழுந்து சன்னலுக்குப் போனேன். வழி தெரியாமல் வந்த யாரோ, திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா தட்டை எடுத்து, ஏற்கெனவே கழுவியதை மறுபடியும் கழுவினாள்.

எனக்கு இப்போது தூக்கத்தில்கூட டயர்தான் வருகிறது. எழுது.

ஹில்ப்பா


ஔலு,
27 நவம்பர்

ஹில்ப்பா,

நலம். வேலை அதிகம். பேனா சரியில்லை, கையெழுத்தைப் பொறுத்துக்கொள். ஏரிப் பக்கம் தனியாகப் போகாதே, பனிக்கட்டி இன்னும் மெல்லியது. அம்மாவுக்கு என் அன்பு.

தூரே


ஹாப்பவாரா,
2 டிசம்பர்

அன்புள்ள அண்ணா,

அம்மா நலம். நானும் நலம், முழங்காலைத் தவிர.

உன் அஞ்சலட்டை கிடைத்தது. பேனா சரியில்லை என்றால் மை திட்டுத் திட்டாக வரும், எழுத்து இடப்பக்கம் சாயாது. நீ எந்தக் கையால் எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஏரிக்குப் போனேன். பயப்படாதே, பனிக்கட்டி இப்போது கெட்டியாகிவிட்டது, ரோப்போனன் துளைபோட்டு மீன்பிடிக்கும் இடத்தில்தான். நம் உதைவண்டியை, நின்றுகொண்டு காலால் உந்துவோமே அதை, எடுத்துப் போனேன். அதன் இரும்புச் சட்டங்களின் பின்பாதியில் மட்டும் முரட்டுக் கயிற்றை இறுக்கிச் சுற்றினேன். உன் பூனை நகத்துக்குப் பதிலாக. முன்பாதி வழவழவென்று இரும்பாகவே இருந்தது.

நேராகப் போகும்போது அருமையாக இருந்தது. எனக்கும் பாட்டு வந்தது. பிறகு கைப்பிடியைத் திருகினேன். அண்ணா, அது திரும்பவில்லை. முழுப் பலத்தோடு திருகினேன். எங்கே போய்க்கொண்டிருந்ததோ அங்கேயே நேராகப் போயிற்று. ரோப்போனன் அடையாளத்துக்கு நட்டிருந்த கிளைகளை முறித்துக்கொண்டு நாணலுக்குள் விழுந்தேன். "யாரும்மா அது, என் மீனெல்லாம் ஓடிப்போச்சு! கண்ண மூடிட்டா ஓட்டுன?" என்று அவர் கத்தினார்.

"திருப்பினேன், அது திரும்பல!" என்று நானும் கத்தினேன்.

அப்படிக் கத்திய பிறகு பனிக்கட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலியால் அல்ல. அங்கிருந்து பார்த்தால் ஏரியின் மறுகரையில் கரடி வளைவு தெரிகிறது. அப்பாவும் சங்கிலியை இழுக்கும் சக்கரத்துக்கு மட்டும்தான் மாட்டுவார். எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதப் போவதில்லை. உனக்கே தோன்றும்.

பிறகு முன்னாலும் பின்னாலும் கயிறு சுற்றிப் பார்த்தேன். திரும்பியது.

ஹில்ப்பா


ஔலு,
9 டிசம்பர்

அன்புள்ள ஹில்ப்பா,

உன் முழங்கால் எப்படி? என் வலது மணிக்கட்டு இப்போது பரவாயில்லை. பார்த்தாயா, உண்மை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

பின்சக்கர டயர் கடையில் இருந்தது. முன்சக்கர அளவு ஹெல்சிங்கியிலிருந்து வர வேண்டும், சில வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை பின்னால் மட்டும் போதும் என்று நினைத்தேன். நான் மெக்கானிக், ஹில்ப்பா. வேறு யாராவது இப்படிக் கேட்டு வந்திருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன். ஆனால் மரலாரி ஓட்டியவரின் பிள்ளைக்கு அது தப்பாகவே படவில்லை. நம் வீட்டில் அப்படித்தானே செய்வோம்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி, ஊருக்கு வடக்கே ஒரு வளைவு. வேகமாகக்கூடப் போகவில்லை. ஸ்டியரிங் திரும்பியது. சக்கரம் திரும்பியது. கார் திரும்பவில்லை. வாய்க்காலைத் தாண்டி, உருளைக்கிழங்கு வயலில் ஏறி, ஒரு வைக்கோல் கொட்டகைச் சுவருக்கு முன்னால் நின்றது. கையை நீட்டியிருந்தால் சுவரைத் தொட்டிருப்பேன். அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து, "வைக்கோல் வேணும்னா கதவு அந்தப் பக்கம் இருக்கு தம்பி" என்றார். நான் சிரித்தேன். அவர் மனைவி என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார், வலது மணிக்கட்டு வீங்கியிருந்ததால் கோப்பையை இடது கையில் வாங்கினேன்.

மறைத்ததற்குக் காரணம் அம்மா இல்லை. நீதான். நீ அவ்வளவு பயந்து, அவ்வளவு அழகாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாய். அதில் பாதியை மட்டும் செய்தேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நீ எழுதாமல் விட்டது எனக்குத் தோன்றியது. அந்த வயலில், காருக்குள்ளேயே தோன்றியது. ஹில்ப்பா, அப்பா தூங்கவில்லை. அவர் திருப்பியிருக்கிறார்.

தூரே


ஹாப்பவாரா,
14 டிசம்பர்

அன்புள்ள அண்ணா,

முழங்கால் ஆறிவிட்டது. உன் மணிக்கட்டைத் துணியால் கட்டிக்கொள்.

உன் கடிதத்தைக் கொட்டகையில் வைத்துப் படித்தேன், பழைய டயர்களுக்கு நடுவில். யாருக்கும் கேட்காமல் அழ அதுதான் வசதியான இடம்.

அம்மா நேற்று மாவு பிசைந்துகொண்டே, தனக்குத்தானே பேசுவதுபோல, "அன்னிக்கு இன்னும் ஒரு மணி நேரம் தூங்கச் சொல்லி இருக்கலாம்" என்றாள். மூன்று குளிர்காலமாக அவள் இதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. வாய் வரை வந்துவிட்டது, சொல்லவில்லை. நான் ஒரு உதைவண்டியை வைத்துச் சொன்னால் நம்ப மாட்டாள். காருக்குள் இருந்தவன் நீ. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் கல்லறையில் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது நீ சொல்ல வேண்டும்.

அதனால் நீ வந்தே ஆக வேண்டும். பேருந்தில் வா. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹில்ப்பா


ஔலு,
18 டிசம்பர்

அன்புள்ள ஹில்ப்பா,

நான் சுகம், கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

பேருந்து பற்றிக் கேட்டேன். எனக்கு இருபத்துமூன்றாம் தேதி மாலை வரை வேலை. மறுநாள் நம் பக்கம் வண்டி இல்லை. அதோடு ஒன்று. அந்த நாளுக்குப் பிறகு வளைவு வந்தால் என் கை வியர்க்கிறது. இந்தக் குளிர்காலமே ஓட்டாவிட்டால் பிறகு ஓட்டவே மாட்டேன். அந்தப் பல்மருத்துவரின் பயம் இப்போது எனக்குப் புரிகிறது.

முன்சக்கர டயர் வந்துவிட்டது. நான்கிலும் ஆணி. வேலை முடிந்ததும் தினமும் மெதுவாக ஓட்டி ஆணிகளைப் பழக்குகிறேன், மடியில் குழந்தை தூங்குவதுபோல. காலி மைதானத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திரும்புகிறது. கலெர்வோ ஓரத்தில் நின்று, "போதும்டா, எனக்கே தல சுத்துது" என்றார். வயலில் அடிபட்டதில் இடது விளக்கு வளைந்துவிட்டது, அதை இன்னும் நேராக்க முடியவில்லை. "அது ரோட்டப் பாக்கல, நிலாவப் பாக்குது" என்கிறார்.

வழியில் ரோவானியெமி ஊரைத் தாண்டும்போது தொலைபேசியில் பேசுகிறேன். நீ மதிப்பெண் போடத் தயாராக இரு.

தூரே


ஹாப்பவாரா,
24 டிசம்பர்

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதம் உனக்குத் தபாலில் வராது. நீ வந்ததும் கையில் கொடுப்பேன். சும்மா உட்கார முடியாததால் எழுதுகிறேன்.

அம்மா நலமாக இருக்கிறாள் என்று எழுத முடியாது. நானும் இல்லை.

பகலில் நீ பேசினாய். "ரோவானியெமி பெட்ரோல் பங்க்ல இருக்கேன், காப்பி குடிச்சிட்டுக் கிளம்புறேன்." இப்போது நான்கு மணி தாண்டிவிட்டது. எப்போதோ இருட்டிவிட்டது. பனி பொடிப்பொடியாக, விடாமல் விழுகிறது. அம்மா கேட்டாள், "எதுல வரான்?" நடப்பதை நடந்தபடி சொல்வேன் என்று தீர்மானித்தவள் நான். சொன்னேன். அவள் திட்டவில்லை. "டயரு?" என்றாள். "நாலுலயும் ஆணி. நான்தான் பாத்தேன்" என்றேன். "நீ பாத்தியா" என்று மட்டும் சொன்னாள்.

பன்றித்தொடை அடுப்பில் இருக்கிறது. சவுனா நீராவி அறையும் சூடாகிவிட்டது, யாரும் குளிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கல்லறைக்குப் போய்த் திரும்பிவிட்டார்கள். நம் மெழுகுவர்த்திகள் பையோடு கதவருகில் இருக்கின்றன. அவன் இல்லாமல் போக மாட்டேன் என்கிறாள் அம்மா.

வானொலியில் நெடுஞ்சாலை விபத்து என்று ஆரம்பித்தார்கள். எந்த இடம் என்று சொல்வதற்குள் அம்மா நிறுத்திவிட்டாள். மறுபடி போடச் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை.

நான் தவறாகத் தேர்ந்தெடுத்திருந்தால்? பத்திரிகைக்காரர்கள் கிண்டல் செய்யவில்லை, எச்சரிக்கை செய்திருக்கிறார்கள் என்றால்? ஆணி பிடிக்காமல் போகும் குளிரும் உண்டு என்று ஒரு மூலையில் போட்டிருந்தார்கள், அதை உனக்கு எழுதினேனா? நினைவில்லை.

சாலையில் ஒரு வண்டிச் சத்தம். மெதுவாக வருகிறது. நம் திருப்பத்தில் இன்னும் மெதுவாகிறது.

உள்ளே திரும்பிவிட்டது.

பனி அள்ளும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன மேடு மறைப்பதால் என்ன வண்டி என்று தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் தெரிகிறது. அம்மா காப்பிக் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். எழுதுவதை நிறுத்த மாட்டேன், நிறுத்தினால் கத்திவிடுவேன். சுவரில் வெளிச்சம். அன்று போலவே, அதே சுவரில். வண்டி நின்றுவிட்டது, யாரும் இறங்கவில்லை.

ஒரு விளக்கு நம் வாசற்படிமேல் விழுகிறது. இன்னொன்று பிர்ச் மரத்தின் உச்சியில்.

"அம்மா," என்கிறேன். "அம்மா, மரத்தப் பாரு."

விளக்குகள் அணைக்கப்பட்டுவிட்டன.